15,000 காஸும் அப்பாவின் தூக்குப்போசியும்

முதல் நாள் பஸ்தான் லேட் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் டிரைவர் மாறிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சேலம் அஞ்சு ரோட்டில் நின்றுகொண்டு, பக்கத்தில் நின்ற காலேஜ் பையனிடம் “இந்த பஸ் இப்பல்லாம் நேரத்துக்கே வர்றதில்ல” என்று அலுத்துக்கொண்டபோது அவன் தன் செல்போனைப் பார்த்துவிட்டு, “இன்னும் நேரமே ஆகலியே அங்கிள்” என்றான். அங்கிள் என்றதை மன்னித்துவிட்டேன். கடிகாரத்தை மன்னிக்க முடியவில்லை. 20 நிமிடத்துக்கு மேல் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று இரவு செல்போனைப் பார்த்து நொடி சுத்தமாகத் திருத்தி வைத்தேன். மறுநாள் இரவு பார்த்தால் ஏழு நிமிடம் கூடுதல். பேட்டரி இல்லாத, கை அசைவில் சாவி ஏறும் ஆட்டோமேடிக் கடிகாரம் அது. இந்த ஜாதிக் கடிகாரங்கள் வயதானால் பெரும்பாலும் தளர்ந்துதான் ஓடும். எண்ணெய் காயும், தூசி சேரும். திடீரென்று ஒருநாள் இளமை திரும்பி ஓட்டமெடுப்பது வழக்கமில்லை.

சின்னக்கடை வீதிப் பக்கம் பாய் ஒருவர் கடிகாரக் கடை வைத்திருக்கிறார். கடை என்றால், ஆள் குறுக்கே படுத்தால் கால் ரோட்டில் இருக்கும். அப்பா காலத்திலிருந்தே பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் கடிகாரத்தைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். திறக்கவில்லை. மேசை டிராயரிலிருந்து குழந்தைகள் விளையாடுகிற திசைகாட்டி ஒன்றை எடுத்து வைத்து, அதன் பக்கத்தில் என் கடிகாரத்தை மெல்ல நகர்த்தினார். முள் ஒரு பக்கமாகத் திரும்பியது. கடிகாரத்தைச் சுற்றினார். முள்ளும் கூடவே சுற்றியது.

“காந்தம் ஏறிருச்சு தம்பி. ராத்திரில எங்க வெக்கிறீங்க?”

யோசித்துப் பார்த்தேன். படுக்கைக்குப் பக்கத்தில் டேப்லெட் இருக்கும். அதன் உறையை மூடினால் ‘டப்’ என்று ஒட்டிக்கொள்ளும். அந்த உறையின் மேல்தான் ஒரு மாதமாகக் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

பாய் நீல நிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் பிளக்கில் செருகினார். மேலே சிவப்புப் பொத்தான். கடிகாரத்தைப் பெட்டி மேல் வைத்து, பொத்தானை அழுத்தி, அழுத்தியபடியே கடிகாரத்தை மெதுவாக மேலே தூக்கி, கை நீளம் போனதும் பொத்தானை விட்டார். திரும்பவும் ஒருமுறை. அப்புறம் திசைகாட்டி. முள் அசையவில்லை. ஐம்பது ரூபாய். அவ்வளவுதான் வைத்தியம்.

கடிகாரத்துக்குள் தலைமுடியை விட மெல்லிய சுருள் ஒன்று இருக்கிறது. ஹேர் ஸ்பிரிங் என்று அதற்குப் பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அது சுருங்கி விரியும் வேகம்தான் கடிகாரத்தின் வேகம். காந்தம் ஏறினால் சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும். ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி. நீளம் குறைந்தால் துடிப்பு வேகமாகும். ஊஞ்சல் சங்கிலியை மேலே ஏற்றிக் கட்டினால் ஊஞ்சல் படபடவென்று ஆடுமே, அந்தக் கதைதான். பாயின் பெட்டிக்குள் இருப்பது செப்புக் கம்பிச் சுருள். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று திசை மாறுவதால் அதன் காந்தமும் வடக்கு தெற்காகப் புரண்டுகொண்டே இருக்கும். கடிகாரத்தைத் தூக்கத் தூக்க ஒவ்வொரு புரட்டலும் வலு குறைந்து, கடைசியில் எந்தப் பக்கமும் சாயாமல் விட்டுவிடும். பாதியில் பொத்தானை விட்டால் போச்சு, இன்னும் மோசமாகக் காந்தம் ஏறலாம். பாய் கை நீளத்துக்குத் தூக்கியது அதற்காகத்தான்.

இந்தக் கதையைப் போன மாதம் ஊருக்கு வந்திருந்த என் அத்தை மகனிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. அவன் வெளிநாட்டில் இருக்கிறான். கையில் புத்தம் புதிய ஒமேகா வாட்ச். சீமாஸ்டர் அக்வா டெர்ரா, 41 மில்லிமீட்டர், நீல டயல், டயல் முழுக்கக் குறுக்குக் கோடுகள். படகுத் தளத்தின் தேக்குப் பலகை மாதிரி இருக்கட்டும் என்று போட்ட கோடுகளாம். 150 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது. ஸ்போர்ட்ஸ் வாட்ச் என்கிறார்கள். எனக்குத் தெரிந்து அவன் ஆடும் ஒரே விளையாட்டு கேரம். விலை ஏறக்குறைய ஒரு சின்ன காரின் விலை.

“மாப்ள, இதுக்கெல்லாம் காந்தம் ஏறாது. 15,000 காஸ்” என்றான்.

காஸ் என்பது காந்தப் புலத்தை அளக்கும் அலகு. ஜெர்மன் கணித மேதை காஸின் பெயர். சேலத்தில் நாம் நிற்கும் தரையில் பூமியின் காந்தம் சுமார் 0.4 காஸ். பிரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தம் ஐம்பது, நூறு என்று இருக்கும். சாதாரணக் கடிகாரத்தில் ‘ஆன்டிமேக்னடிக்’ என்று எழுத வேண்டுமானால், ஐஎஸ்ஓ 764 என்ற பழைய தரவிதிப்படி 60 காஸ் தாங்கினால் போதும். அந்த 60 தான் நம் ஊரில் எழுத்துப் போட்ட கடிகாரங்களை எல்லாம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அதாவது காப்பாற்றவில்லை. 15,000 காஸ் என்றால் 1.5 டெஸ்லா. ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ எடுக்கும்போது நம்மை உள்ளே தள்ளுகிறார்களே, பெரும்பாலான அந்த எந்திரங்களின் பலம் அதுதான். அதற்காக யாரும் ஒமேகாவோடு உள்ளே போகாதீர்கள். வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போனோம். அடிவாரத்தில் காரின் ஏசியை நிறுத்தினால் வேர்த்துக் கொட்டியது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடித்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டோம். கீழே 38 டிகிரி என்றால் மேலே 26 இருக்கும். இந்தப் பன்னிரண்டு டிகிரியையும் கடிகாரக்காரர்கள் ஒரு காலத்தில் பயந்து பார்த்திருக்கிறார்கள். வெறும் எஃகு ஹேர் ஸ்பிரிங் வெயிலில் தளரும், குளிரில் விறைக்கும். ஒரு டிகிரிக்கு நாளொன்றுக்குப் பத்து நொடி அளவுக்கு ஓட்டம் மாறும். அப்படியொரு பழைய கடிகாரத்தை ஏற்காட்டு மேசையில் ஒன்று, சேலத்து மேசையில் ஒன்று என்று வைத்தால் ஒரே நாளில் இரண்டு நிமிடம் வித்தியாசம் காட்டும். அதைத் தீர்த்தவர் ஷார்ல் எதுவார் கியோம். இரும்போடு நிக்கலைச் சரியான அளவில் கலந்தால் சூடு குளிருக்கு அசராத உலோகம் கிடைக்கும் என்று கண்டுபிடித்து, 1920இல் இயற்பியல் நோபல் பரிசும் வாங்கினார். வெப்பச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் கலவையில் இரும்பு இருக்கிறதே. காந்தத்துக்குக் கதவு திறந்தே இருந்தது.

எஸ்டேட் ஓரமாகக் காரை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பையிலிருந்து பிறைநிலா வடிவத்தில் பளபளவென்று ஒன்றை எடுத்தான். பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கிலிருந்து கழற்றிய நியோடிமியம் காந்தம். இரண்டை ஒன்றாக ஒட்டவிட்டால் பிரிக்க ஆள் வேண்டும். எதற்கு என்று கேட்பதற்குள், கையில் இருந்த ஒமேகாவின் கண்ணாடி மேல் அதைப் பட்டென்று வைத்தான்.

எனக்கு டீ புரையேறிவிட்டது. காசு கொடுத்தவன் அவன், பதறியவன் நான். நொடி முள் காந்தத்துக்கு அடியில் போய், மறுபக்கம் வழுக்கிக்கொண்டே வந்தது. நிற்கவில்லை, திக்கவில்லை. கடிகாரத்தைப் புரட்டிக் காட்டினான். பின்பக்கம் கண்ணாடி. உள்ளே சக்கரம் துடிப்பது தெரிந்தது. ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருந்தான். அன்று இரவு செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டோம், மறுநாள் இரவும் ஒப்பிட்டோம். இரண்டு நொடி கூடுதல். அதற்கு முந்தின நாளும் இரண்டு நொடிதானாம். சுவிட்சர்லாந்து அரசின் அளவியல் நிறுவனமான மெட்டாஸ் இந்தக் கடிகாரங்களை 15,000 காஸில் வைத்துச் சோதித்து, நாளொன்றுக்கு 0 முதல் 5 நொடி வரை கூடுதலாக ஓடலாம், குறைவாக மட்டும் ஓடக் கூடாது என்று சான்று கொடுக்கிறது. அந்தக் கணக்குக்குள் இருந்தது.

அந்தப் பின்பக்கக் கண்ணாடியை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் காந்தத்தைத் தடுக்கும் கடிகாரத்துக்குக் கண்ணாடி முதுகு இருக்கக் கூடாது. நான் படித்து வைத்திருந்தது அப்படித்தான். அதற்கு என் அப்பாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்பா மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். கிணற்று மோட்டார், மில் மோட்டார், எல்லாம் வரும். அங்கே க்ரௌலர் என்று ஒரு சாதனம். அதன் மேல் மோட்டாருக்குள் சுற்றும் பாகமான ஆர்மேச்சரை வைத்து சுவிட்சைப் போட்டால் ‘உம்ம்ம்’ என்று உறுமும். அப்பா ஒரு பழைய ஹாக்ஸா பிளேடை ஆர்மேச்சர் மேல் தடவிக்கொண்டே வருவார். எந்தக் காயில் ஷார்ட் ஆகியிருக்கிறதோ அந்த இடத்தில் பிளேடு கிர்ரென்று அதிரும். பள்ளி விட்டு வந்து அதை வேடிக்கை பார்ப்பதுதான் எனக்கு சினிமா. அவர் கையில் எச்எம்டி ஜனதா, கல்யாணத்துக்கு வாங்கியது. பதினேழு கல், தினமும் காலையில் சாவி. பட்டறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி, சோறு கொண்டுபோகும் எவர்சில்வர் தூக்குப்போசியின் மேல்தட்டில் வைத்து மூடிவிடுவார். “இரும்புப் பொட்டிக்குள்ள இருந்தா காந்தம் அண்டாது” என்பது அவர் கட்சி.

பாதி சரி. சரியான பாதியைத்தான் உலகத்து கடிகாரக் கம்பெனிகள் எல்லாம் செய்துகொண்டிருந்தன. 1948இல் பிரிட்டிஷ் விமானப் படைக்காக ஐடபிள்யூசி என்ற சுவிஸ் கம்பெனி செய்த மார்க் 11 கடிகாரத்தில், எந்திரத்தைச் சுற்றி மென் இரும்பில் ஒரு கூண்டு உண்டு. வரும் காந்தக் கோடுகளை இரும்பு தன் உடம்பு வழியாகவே சுற்றி அனுப்பிவிடும், உள்ளே போகாது. அதே வழியில் 1955இல் ஐடபிள்யூசியின் இன்ஜினியர், 1957இல் ரயில்வேக்காரர்களையும் மின் பொறியாளர்களையும் மனதில் வைத்து ஒமேகாவின் ரயில்மாஸ்டர். இரண்டுக்கும் நடுவில் ரோலெக்ஸின் மில்காஸ். மில் என்றால் ஆயிரம், ஆயிரம் காஸ். கூண்டு இருப்பதால் பின்பக்கம் கண்ணாடி வைக்க முடியாது. டயலும் கூண்டின் ஒரு சுவர் என்பதால் தேதி காட்ட ஓட்டை போடவும் தயங்குவார்கள். காந்தத்துக்குப் பயந்து கடிகாரம் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம்.

அப்பாவின் தவறான பாதி எது? தூக்குப்போசி மென் இரும்பு அல்ல, எவர்சில்வர். சேலத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இரும்பாலை இருக்கும் ஊர், அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருட்டும் ஆலை. என் அக்கா பாத்திரக் கடைக்குப் போனால் மணிபர்ஸில் ஒரு காந்தம் எடுத்துக்கொண்டுதான் போவாள். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நயம். அவள் கணக்கு முழுக்கச் சரியில்லை, நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு ரகமும் ஒட்டாது. அதைச் சொன்னால் எனக்குச் சோறு கிடையாது. நயம் எவர்சில்வரில் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் இருக்கும், காந்தம் ஒட்டாது. ஒட்டாத உலோகம் காந்தத்தைத் தடுக்கவும் தடுக்காது, சல்லடை மாதிரி உள்ளே விட்டுவிடும். கடிகாரத்தின் மேல்கூடும் அதே குடும்பத்து எஃகுதான். ‘ஸ்டீல் பாடி, ஒன்றும் ஆகாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் ஜனதாவுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? தூக்குப்போசியை அப்பா பட்டறைக் கோடியில், பத்தடி தள்ளி ஆணியில் மாட்டி வைத்தார். அவ்வளவுதான். தூரம் கூடக் கூட காந்தத்தின் பலம் மளமளவென்று சரியும். டேப்லெட் உறை மேலேயே வைத்ததால்தான் என் கடிகாரம் கெட்டது. ஒரு சாண் தள்ளி வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

சரி, ஒமேகாவுக்கு வருவோம். அதில் கூண்டு கிடையாது. 2013இல் முதல் 15,000 காஸ் அக்வா டெர்ரா வந்தபோது அவர்கள் சொன்னது இதுதான்: காந்தத்தைத் தடுக்க வேண்டாம், உள்ளே வரட்டும், அது பிடித்துக்கொள்ள உள்ளே ஒன்றும் இல்லாமல் செய்துவிடுவோம். ஹேர் ஸ்பிரிங்கை சிலிக்கனில் செய்தார்கள். அச்சுகளை நிவகாஸ் என்ற காந்தம் ஏறாத கலவையில் செய்தார்கள். சிலிக்கனைக் கடிகாரத்துக்குள் கொண்டுவந்தது ஒமேகா மட்டும் அல்ல. 2001இல் யூலிஸ் நார்டான் கம்பெனி சக்கரங்களில் தொடங்கியது. 2006இல் படேக் பிலிப் கம்பெனி ஹேர் ஸ்பிரிங்கையே சிலிக்கனில் கொடுத்தது. கம்ப்யூட்டர் சில்லு செய்வது போலத் தட்டையான வில்லையில் அரித்தெடுப்பார்கள், அடிப்பதும் இல்லை, சுருட்டுவதும் இல்லை. மேலே மெல்லிய ஆக்சைடு படலம் போட்டால் வெப்பச் சிக்கலும் தீர்ந்துவிடும். கியோமின் நோபலும் அப்பாவின் தூக்குப்போசியும் ஒரே அடியில் தேவையில்லாமல் போய்விட்டன.

இதைக் கேட்டதும் எனக்குக் கஞ்சமலை ஞாபகம் வந்துவிட்டது. சின்ன வயதில் அமாவாசைக்குச் சித்தர் கோயில் போவோம். பெரியவர்கள் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்க, நாங்கள் உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஓடை மணலில் இழுத்துக்கொண்டு போவோம். கொஞ்ச தூரத்தில் காந்தத்துக்கு மீசை முளைத்துவிடும். கருப்பாக, முள் முள்ளாக, கையில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், லேசில் போகாது. அது மேக்னடைட், காந்தக்கல் தாது. 1830களில் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்ற ஆங்கிலேயர் நடத்திய இரும்பாலைக்குச் சேலத்துத் தாதுதான் தீனி. கஞ்சமலைப் பாறையை உடைத்துப் பார்த்தால் பட்டை பட்டையாக இருக்கும். ஒரு வரி கருப்பு, ஒரு வரி வெள்ளை. கருப்பு வரி மேக்னடைட், காந்தத்துக்கு ஓடி வரும். வெள்ளை வரி குவார்ட்ஸ், காந்தம் என்ன கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. நாங்கள் இழுத்துப் போன பின் ஓடையில் மிச்சம் கிடந்த வெள்ளை மணலும் அதுதான். குவார்ட்ஸில் இருப்பது சிலிக்கனும் ஆக்சிஜனும். முந்நூறு வருடத்துக்கு மேலாகக் கருப்பு வரியில் ஹேர் ஸ்பிரிங் செய்துகொண்டிருந்தவர்கள், இப்போது வெள்ளை வரிக்கு மாறியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் டயலில் இருந்த கோடுகளைத் தேக்குப் பலகை என்றார்கள். எனக்கு அது கஞ்சமலைக் கல்லாகவே தெரிந்தது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒன்று சொல்ல வேண்டும். அந்த விலையில் காந்தத்துக்கான பங்கு கொஞ்சம்தான். மிச்சம் பெயருக்கும் பளபளப்புக்கும். சிலிக்கன் ஹேர் ஸ்பிரிங் இப்போது ஒமேகா இருக்கும் அதே குழுமத்தின் டிஸ்ஸோ கடிகாரத்தில் அதன் சின்னப் பங்கு விலைக்கே கிடைக்கிறது. 15,000 தாங்காவிட்டால் என்ன, வீட்டில் நமக்கு எதிரி டேப்லெட் உறையும் ஹேண்ட்பேக் கொக்கியும் செல்போன் ஒட்டும் ஸ்டாண்டும்தான். பேட்டரிக் கடிகாரம் கட்டுபவர்களுக்கு இந்தக் கவலையே பாதி இல்லை. தருமபுரி தாண்டிப் போனால் வரும் ஓசூரில் டைட்டன் லட்சக் கணக்கில் செய்கிறதே, அந்த ஜாதிக் கடிகாரம் காந்தத்துக்குப் பக்கத்தில் போனால் முள் நின்றுவிடும், தள்ளி எடுத்தால் பொதுவாகத் திரும்ப ஓடும். நேரத்தைத் திருத்திக்கொண்டால் சரி.

ஊருக்குக் கிளம்பும் முன் மாப்பிள்ளையைப் பாய் கடைக்குக் கூட்டிப் போனேன். என்னவோ காட்ட வேண்டும் என்று தோன்றியது. பாய் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒமேகாவின் முதுகை ரொம்ப நேரம் பார்த்தார். டீ வந்து ஆறிப் போனது.

“இந்தச் சுருள் வளைஞ்சா என்ன பண்றது?”

“வளையாதுங்க பாய். அழுத்தினா உடையும்.”

“உடைஞ்சா?”

“கம்பெனிக்கு அனுப்பணும். புதுசா மாத்துவாங்க.”

பாய் லென்ஸைக் கழற்றினார். சிக்கலான ஹேர் ஸ்பிரிங்கை இடுக்கியால் நீவி நீவி வட்டத்துக்குக் கொண்டுவருவதில் அவருக்கு இந்த வட்டாரத்தில் பெரிய பெயர். என் அப்பாவின் ஜனதா கீழே விழுந்தபோது அப்படித்தான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சரிசெய்தார். “நல்ல பொருள்” என்று சொல்லி, சட்டைத் துணியால் கண்ணாடியைத் துடைத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் பாய் கையை வைக்கவே முடியாத கடிகாரத்தை நான் கட்டுவேனா என்று கேட்டால், வாங்கக் காசும் இல்லை, மனசும் இல்லை.

என் கடிகாரம் இப்போது நாளைக்கு எட்டு நொடி கூடுதலாக ஓடுகிறது. அதன் வயதுக்கு அது அதிகம் இல்லை. ராத்திரி அலமாரியில் வைக்கிறேன். ஹார்ட் டிஸ்க் காந்தத்தை மாப்பிள்ளை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான், விமானத்தில் எடுத்துப் போக யோசனையாம். அதை அக்கா பார்த்துவிட்டாள். மறுநாளே பாத்திரக் கடைக்கு எடுத்துப் போய், ஒரு நல்ல எவர்சில்வர் அண்டாவின் விளிம்பில் வைத்திருக்கிறாள். லேசாக ஒட்டியிருக்கிறது. அச்சில் அழுத்தி வளைத்த இடத்தில் நயம் எவர்சில்வரும் கொஞ்சம் காந்தத்துக்கு மசியும், அதுவும் இவ்வளவு பலமான காந்தம் என்றால் கேட்கவே வேண்டாம். கடைக்காரர் எவ்வளவோ சொல்லியும் அக்கா கேட்கவில்லை. இப்போது அவரிடம் வந்து விளக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், அண்டாவை வாங்குவதற்காக அல்ல, விலையைக் குறைப்பதற்காக.